‘பற்று வரவு’ தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பற்று வரவு’ நான் எழுதிவரும் பேய்க்கதைத் தொடர். காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நடக்கிறது. நான்கு பாகம் முடிந்து ஐந்தாவதில் நிற்கிறேன். வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல்தான் பதில் சொல்லப் பார்த்தேன். பர்மா பற்றிய கேள்வியில் மட்டும் கொஞ்சம் வாய் தவறிவிட்டது. மூன்றாம் பாகம் படிக்காதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கதை என்ன, சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

உமையாளுக்கு 29 வயது. கல்யாணமாகி சிங்கப்பூர் போனாள், ஒத்துவரவில்லை, திரும்பி வந்து காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பழைய செட்டிவீட்டுக் கணக்கேடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துவிட்டார்கள். அவளுக்குத் தெரியும். ஏட்டில் விரலை வைத்து வரி வரியாகப் போகும்போது, தீராத வரியில் யாரோ பேசுவது கேட்கிறது.

சேவுகன் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். இடிக்கிற வீடுகளில் இருந்து தூண், கதவு, பெட்டகம் எல்லாம் ஏற்றிக் கடைகளில் இறக்குவது பிழைப்பு. அவன் தாத்தா வேளார். ஐயனாருக்கு மண் குதிரை செய்தவர், உடுக்கை அடித்துப் பேயோட்டும் கோடாங்கியும்கூட. சாகும்போது உடுக்கையைப் பேரனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பேரனுக்கு அடிக்கத் தெரியும், குறி வராது. பேய் சொல்வது ஒருத்திக்குக் கேட்கிறது, பேயைப் பேசவைக்க இன்னொருவனால் முடிகிறது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு கோடாங்கி.

எந்த வரிசையில் படிப்பது?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டாவதில் தொடங்கினாலும் மோசமில்லை. மூன்றாவதைத் தனியாக எடுக்காதீர்கள். முதல் பாகத்தில் தீர்த்ததாக நினைத்த ஒரு கடன் அங்கே வட்டியோடு வந்து நிற்கும்.

அர்பன் ஃபேன்டசி என்கிறீர்கள். செட்டிநாட்டில் எங்கே சார் அர்பன்?

நியாயமான கேள்வி. அர்பன் ஃபேன்டசி என்றால் மாயமும் மந்திரமும் ராஜா காலத்தில் நடக்காமல் நம் காலத்து ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நடக்கிற கதை. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. செக்காலை ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி எடுத்துப் பாருங்கள், பேயே வழி கேட்டு நிற்கும். 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே இருக்கிறது. உமையாளின் தோழி ஒருத்தி அங்கேதான் வேலை பார்க்கிறாள், எதையும் நம்பாதவள். எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவள்.

இன்னொரு காரணமும் உண்டு. மற்ற நகரங்களில் பேய்க்கதை எழுத வேண்டும் என்றால் முதலில் ஒரு பாழடைந்த பங்களாவைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள், காவலுக்கு ஒரே ஒரு கிழவர். வளவைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை கொடுத்திருப்பார்கள். மகன்கள் சென்னையிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள், அறை பூட்டியே கிடக்கும். வருஷக்கணக்காகத் திறக்காத அறை. உள்ளே சீர்ப் பாத்திரங்கள், எனாமல் தூக்குகள், யாருடையது என்று தெரியாத ஒரு கண்ணாடி. இதற்கு மேல் எழுத்தாளனுக்கு என்ன வேண்டும்?

தொடருக்கு ஏன் இப்படி ஒரு கணக்குப் புத்தகப் பெயர்?

என் தாத்தா ஒரு செட்டிவீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவர் பேச்சில் பற்று, வரவு, நிலுவை, ஐந்தொகை எல்லாம் உப்பு புளி மாதிரி புழங்கும். முதல் பாகத்தை வேறு ஏதோ தலைப்பில்தான் எழுதத் தொடங்கினேன். பாதியில் ஒருநாள் தட்டியது: நாம் ‘பேய் பிடிச்சிருக்கு’ என்கிறோம், ‘பேய் பற்றியது’ என்கிறோம். சாமியைச் சொல்லும்போது ‘சாமி வந்திருக்கு’ என்கிறோம். பேய் பற்றும், சாமி வரும். பற்று, வரவு. தாத்தாவின் பேரேட்டில் இடமும் வலமுமாக இருந்த இரண்டு சொல்லும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டன. சாகும்போது விடாத ஆசைக்கும் பற்று என்றுதானே பெயர்?

தொடரின் விதி முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்து வந்ததுதான். இந்தக் கதையில் பேய் என்பது தீராத கணக்கு. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் அதை விரட்டினால் அடுத்தவர் மேல் போய் ஏறும். கடனை வேறு பேருக்கு மாற்றி எழுதுவது மாதிரி.

கணக்கு விவரங்கள் உண்மையா?

பெரும்பாலும். மாதிரிக்குச் சில:

முதல் பாகத்தில் ஒரு முந்திரிக்காக ஒரு பேய் எழுபது வருஷம் காத்திருக்கிறது என்றதும் ஒரு வாசகர் முந்திரிப் பருப்பு என்று நினைத்துவிட்டார். முந்திரி என்பது நம் பழைய கீழ்வாய் எண், 320-இல் ஒரு பங்கு. மாகாணி 16-இல் ஒன்று.

நெல் அளக்கிற பேய் ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவது என் கற்பனை இல்லை. அளக்கும்போது முதல் மரக்காலை லாபம் என்றுதான் எண்ணுவார்கள்.

மகமை என்பது வியாபாரத்தில் ஒரு பங்கைக் கோவிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்குவது. நாலாம் பாகத்துப் பேய் கேட்பது அதைத்தான்.

மேல்நாட்டுக் கதைகளில் வருகிற சாத்தான், நரகம், உடன்படிக்கை எல்லாம் ஏன் இல்லை?

அந்தச் சரக்கு எங்கள் மண்ணில் விளையாது என்பதால்தான். அங்கே பிடிப்பது மனிதனாகவே ஒருநாளும் இருந்திராத ஒன்று. கடவுளுக்கு எதிரி, பேர்கூட வேறு பாஷையில் இருக்கும். அதோடு பேச்சுவார்த்தை கிடையாது, யுத்தம்தான். நம் பேய் நேற்றுவரை பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஆள். கிணற்றில் விழுந்தவள், தூக்கில் தொங்கியவன், தலைப்பிரசவத்தில் போனவள். அற்பாயுசில் போனது, ஆசை தீராமல் போனது. அதனால் அதற்கு ஊர் உண்டு, உறவு உண்டு, சாதி உண்டு, சாப்பாட்டில் விருப்பு வெறுப்பு உண்டு. சில பேய்க்கு மாமியாரைப் பிடிக்காது.

முனி, காட்டேரி, மோகினி என்று மனுஷ வாசனை குறைந்தவையும் நம்மிடம் உண்டுதான். இரண்டாம் பாகத்தில் ஒரு முனி வருகிறது. ஆனால் அதுகூட எல்லை தாண்டினால்தான் அடிக்கும், வலிய வராது.

தமிழில் பேய் எப்போதும் இழிவான சொல்லாகவும் இருந்ததில்லை. காரைக்கால் அம்மையார் தன் பதிகத்தில் தன்னையே காரைக்காற்பேய் என்கிறார். வணிகக் குடும்பத்துப் பெண், வணிகன் மனைவி. கணவன் இவளைத் தெய்வம் என்று பயந்து விலகிப்போய் வேறு கல்யாணம் செய்துகொண்டபின், இந்த அழகுச் சதை இனி எதற்கு என்று சிவனிடம் பேய்வடிவம் கேட்டு வாங்கியவள். உமையாளை எழுதும்போது எனக்கு அம்மையார் நினைவுதான். கலிங்கத்துப் பரணியில் வரும் பேய்களைப் பாருங்கள், போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பந்தி வைத்து ஒன்றை ஒன்று கேலி செய்துகொண்டு சாப்பிடுகின்றன. பசித்த பேய், நக்கல் அடிக்கிற பேய், இதுதான் நம் பரம்பரை. சிவப்புக் கண்ணும் கரகரப்புக் குரலும் பின்னால் சினிமாவில் இருந்து ஒட்டிக்கொண்டது.

சேவுகன் செய்வது உண்மையில் கோடாங்கிகள் செய்வதுதானா?

எலும்பு உண்மை, சதை என்னுடையது.

எலும்பைச் சொல்கிறேன். கோடாங்கி உடுக்கை அடித்துத் தன் சாமியை வரவழைப்பார். கருப்பர், காளி, யாரோ ஒருவர். ஆகவே ஒரு பேயை விரட்டும் இடத்தில் உண்மையில் இரண்டு பேர் மேல் ஆள் ஏறியிருக்கும், ஒருவர் மேல் சாமி, இன்னொருவர் மேல் பேய். பேச்சு அந்த இரண்டுக்கும் இடையில்தான். வேப்பிலை, விபூதி, எலுமிச்சை, சாம்பிராணி எல்லாம் பக்கவாத்தியம். கேள்வி மூன்றுதான்: நீ யாரு? எந்த ஊரு? என்ன வேணும்?

முதலில் பேய் வாயே திறக்காது. திறந்தால் பொய் சொல்லும். வேறு பேரைச் சொல்லும், பெரிய சாமி பேரைக்கூடச் சொல்லிப் பார்க்கும். உண்மைப் பேர் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் பேரம். சேலை வேணும், கோழி வேணும், சாராயம் வேணும், என் பிள்ளையை ஒருதடவை பார்க்கணும். ஒத்துக்கொண்டு சத்தியம் வாங்கியதும் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடித்து, அதில் பேயை நிறுத்தி, முடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். ஊருக்கு ஊர் முறை மாறும். எங்கள் பக்கத்துப் பழைய புளியமரங்களில் ஆணி இருந்தால் கையை வைக்காதே என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறார்கள்.

என் சதை எது என்றால், சத்தியத்தின் விலை. கதையில் பேய்க்குக் கொடுத்த வாக்கை வீட்டார் நிறைவேற்றாவிட்டால் அது கோடாங்கியின் கணக்கில் ஏறும். சேவுகனின் தாத்தா எப்படி இறந்தார் என்பது அதில்தான் இருக்கிறது.

கண் திறக்காத மண்குதிரை விஷயமும் பாதிக்குப் பாதி. ஐயனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்புக்குச் செய்யும் குதிரைகளுக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், அதுவரை அது வெறும் மண். கண் திறக்காமலேயே விட்ட குதிரைக்குள் பேயைக் குடிவைக்கலாம் என்பது நான் சேர்த்தது. தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம். குதிரை செய்ய வேளாருக்கு நாள்கணக்கில் ஆகும்.

பேய் ஏன் பெரும்பாலும் பெண்களையே பிடிக்கிறது?

அதிகம் வந்த கேள்வி இது. கோபமாகக் கேட்டவர்களும் உண்டு. நீளமாகவே சொல்கிறேன்.

என் அத்தைக்குக் கல்யாணமான ஐந்தாம் மாசம் பேய் பிடித்தது. ஆடிமாசம் வந்துபோனவளைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்ட மறுநாள். சாப்பிடவில்லை, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாளாம். கோடாங்கி வந்தார். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அப்பா சொல்லிக் கேள்வி. இரண்டு ராத்திரி உடுக்கை அடித்து, யார் நீ என்றால் எவளோ ஒரு செத்துப்போன பெண் பேரைச் சொன்னாள் அத்தை. என்ன வேணும் என்றதற்குச் சேலை கேட்கவில்லை, கோழி கேட்கவில்லை. ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்றாளாம். எந்த வீடு என்று கோடாங்கி கேட்கவில்லை. ‘ஒரு மாசம் பொறந்த வீட்ல கொண்டாந்து விடுங்க, அது தானா எறங்கிரும்’ என்று மட்டும் மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். இறங்கிவிட்டது.

மருமகளாக அத்தை தன் வாயால் அதைக் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். பேய் கேட்டதால் மாட்டுவண்டி பூட்டினார்கள்.

இதில் புதுசு ஒன்றும் இல்லை. சங்கப் பாட்டில் வெறியாட்டு என்று ஒரு துறையே இருக்கிறது. பெண் மெலிகிறாள், வளை கழல்கிறது. முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்திருக்கிறான் என்று தாய் அவன் பூசாரியான வேலனை அழைத்து ஆடவிடுகிறாள். நோய்க்குக் காரணம் மலைநாட்டுக்காரன் ஒருவன் என்று தோழிக்குத் தெரியும். குறுந்தொகை 362-இல் அவள் வேலனிடமே கேட்கிறாள்: கோபப்படாதே ஐயா, சின்ன ஆட்டுக்குட்டியை அறுத்து இவள் நெற்றியைத் தடவிப் பலி கொடுக்கிறாயே, இவளை இப்படி ஆக்கிய மலைநாடனின் மாலை போட்ட மார்பும் அந்தப் பலியைச் சாப்பிடுமா? வேலன் என்ன பதில் சொன்னான் என்று பாட்டில் இல்லை. என் அத்தையின் கோடாங்கிக்குப் பதில் தெரிந்திருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாக் கோடாங்கியும் அப்படி இல்லை. சாட்டையால் அடிப்பது, மிளகாய் வற்றல் புகை போடுவது, பட்டினி போடுவது, இதெல்லாம் நடந்திருக்கிறது, இப்போதும் நடக்கிறது. இரண்டாம் பாகத்தில் அப்படி ஒருவன் வருகிறான். அவன் மேல் எனக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லை, அவனுக்கு என்ன ஆனது என்பதில் அது தெரியும்.

கதையில் வரும் இடங்கள் நிஜமா?

தெருக்கள் நிஜம், வீடுகள் கற்பனை. முனீஸ்வரன் கோவில் வீதியில் பழம்பொருள் கடைகள் உண்மையில் இருக்கின்றன, போனால் பாதி நாள் போய்விடும். கொப்புடையம்மன் கோவில், வைரவன்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான் எல்லாம் அங்கங்கே அதன் இடத்தில் இருக்கின்றன. வைரவன்பட்டி அத்தியாயத்தில் நாய்கள் எல்லாம் ஒரே திசையில் பார்த்து நிற்பது வைரவரின் வாகனத்தை நினைத்து எழுதியது. மற்றபடி அங்குள்ள நாய்கள் சாது.

பேய் வரும் வீடு எது என்று தேடிக்கொண்டு யாரும் கானாடுகாத்தான் தெருக்களில் அலைய வேண்டாம். காவலுக்கு இருப்பவர்கள் வயதானவர்கள், ராத்திரியில் டார்ச் அடித்தால் பயந்துபோவார்கள். இரவில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் வௌவால், புறா, வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் தேக்கு.

சாமான் வழியாகப் பேய் போகும் என்ற யோசனை எப்படி வந்தது?

ஒரு வீட்டைப் பிரித்து விற்றபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். தூண் ஒரு லாரியில், நிலைக்கதவு ஒன்றில், ஊஞ்சல் பலகை ஒன்றில், ஆத்தங்குடித் தரைக்கல்லைக்கூட முடிந்தவரை உடையாமல் பெயர்த்தார்கள். சாயங்காலம் வெறும் வெட்டவெளி. இந்த வீட்டில் ஒரு பேய் இருந்திருந்தால் இப்போது எந்த லாரியில் ஏறும் என்று தோன்றியது. முதல் பாகம் அங்கே பிறந்தது. நிலைக்கதவு சென்னையில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விடுகிறது, பேயும் கூடவே போய் வரவேற்பறையில் நிற்கிறது, வருகிறவர்களை எல்லாம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வழக்கப்படி ‘எந்தக் கோவில், எந்தப் பிரிவு’ என்று விசாரித்துக்கொண்டு.

ஒரு சின்னத் தகவல். ஒரு வீட்டை விற்க வேண்டும் என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அறுபது எழுபது பேர்கூட வருவார்கள். பேயையும் ஒரு பங்காளியாகச் சேர்த்தால் பத்திரம் பதிவாகவே போவதில்லை. நாலாம் பாகத்தின் சிக்கல் அதுதான்.

மூன்றாம் பாகத்துப் பர்மாப் பேய் எங்கிருந்து வந்தது?

பர்மியர்களுக்கு நாட் என்று ஒரு தெய்வ வரிசை உண்டு. அரசு அங்கீகரித்த வரிசையில் 37 பேர். அவர்களில் பலர் கொலையுண்டும் விபத்திலும் அகாலமாகச் செத்த மனிதர்கள். இதைப் படித்த அன்று நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். நம் மாடனும் இசக்கியும் இதே வழியில் வந்தவர்கள்தானே! நாட் இறங்கி ஆடுபவர்களும் அங்கே உண்டு, நம் சாமியாடி மாதிரி.

அவர்களில் வீட்டுக்காவல் தெய்வம் மகாகிரி. தகௌங் நாட்டுக் கொல்லன், பெரும் பலசாலி. ராஜா பயந்துபோய்ச் செண்பக மரத்தில் கட்டி எரித்துவிட்டான். தங்கையும் நெருப்பில் விழுந்தாள். இருவரும் அந்த மரத்திலேயே தங்கி, நிழலில் ஒதுங்கியவர்களை எல்லாம் கொன்றார்கள். மரத்தை வேரோடு பிடுங்கி ஐராவதியில் விட, அது மிதந்து பகானுக்கு வந்தது. அங்கே அதைச் செதுக்கிப் போபா மலையில் வைத்தார்கள். இன்றும் பர்மிய வீடுகளில் மகாகிரிக்கு ஒரு தேங்காய் தொங்கும்.

மரத்தில் குடியேறிய ஆவி, ஆற்றில் வந்து, இன்னொரு ஊரில் தெய்வமாகிறது. எங்கள் வளவுத் தூண்கள் பர்மாத் தேக்கு. கணக்கு தானாகக் கூடியது.

பர்மாவில் நகரத்தார் லேவாதேவி நடத்தியது தெரியும். 1930-களில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறையக் கால்பங்கு அவர்கள் கைக்கு வந்தது. நிலம் அவர்கள் தேடியது இல்லை, பணம்தான் தேடியது. ஆனால் நிலத்தை இழந்த உழவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? 1942-இல் ஜப்பான் உள்ளே வர, எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள், பலர் நடந்தே. நிலமும் அப்புறம் போயிற்று. இரண்டு பக்கமும் நட்டம், ஏடு மட்டும் மிச்சம். மூன்றாம் பாகத்துப் பேய் தமிழ் தெரியாத ஓர் உழவன். தூணுக்குள் வந்தவன். நடப்பு வட்டி போட்டு அசலைத் திருப்பிக் கேட்கிறான், அதுவும் ரங்கூனில் நகரத்தார் கூடி நிர்ணயித்த அதே வட்டி. சேவுகனின் மூன்று கேள்வியும் அவனுக்குப் புரியவில்லை. எனக்கு எழுதக் கஷ்டமாக இருந்த இடம் அதுதான், இரண்டு மாசம் நின்றுபோனேன்.

உமையாளுக்கு 29 வயதுதானே, சேவுகன் ஏன் ‘ஆச்சி’ என்கிறான்? பாட்டியா?

சென்னை வாசகர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் நகரத்தார் வீட்டில் கல்யாணமான பெண்ணை வயது பார்க்காமல் ஆச்சி என்பார்கள், மரியாதைக்கு. கல்யாணம் முறிந்தும் அந்தச் சொல் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது உமையாளுக்கு எரிச்சல். சேவுகனுக்கு வேறு சொல் வாயில் வராது. நாலாம் பாகத்தில் ஒரே ஓர் இடத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், கவனித்தீர்களா? அப்பச்சி என்பது அப்பா, அப்பத்தா என்பது அப்பாவின் அம்மா. இதையும் பலர் மாற்றிப் படித்துவிட்டார்கள்.

ஃபாதர் ஏன் பேயோட்ட மறுக்கிறார்? பயந்தாங்கொள்ளியா?

கதையில் வரும் கத்தோலிக்கப் பாதிரியாரைக் கேட்கிறார்கள். இல்லை, ஒழுங்கானவர். கத்தோலிக்கத் திருச்சபையில் பேயோட்டுவதற்கென்று எழுதிவைத்த சடங்கு உண்டு. 1614-இல் வந்த பழைய முறையை 1999-இல் திருத்தி வெளியிட்டார்கள். ஆயரின் தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அதைச் செய்யக் கூடாது, நோயா என்று மருத்துவரிடம் காட்டிய பின்தான் அடுத்த பேச்சு. கதையில் ஃபாதர் சிவகங்கை ஆயருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் பேய் வேலை முடிந்துவிடுகிறது. வாசகர்கள் சிரித்த இடம், ஆனால் உமையாள், சேவுகன், ஃபாதர் மூன்று பேரில் நிதானமாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

நகரத்தாரைக் கேவலப்படுத்துவதாக ஒரு புகார் வந்ததே?

வந்தது. எழுதியவர் ஒன்றாம் பாகம் மட்டும் படித்திருந்தார். கொடுக்கல் வாங்கலை ஒரு முந்திரிக்குக்கூட எழுதிவைத்த ஒரு சமூகத்தைத்தான் நான் எழுதுகிறேன். எழுதிவைத்திருந்ததால்தான் பேய்க்குச் சாட்சி கிடைக்கிறது. எழுதாத வீட்டுப் பேயின் கதி என்ன? உமையாள் வீட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஏடு ஏது? ஐந்தாம் பாகம் அங்கேதான் போகிறது.

கதையில் சாப்பாடு ஏன் இவ்வளவு வருகிறது?

பேய்க்குப் பசி. எனக்கும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. கவுனி பர்மாவில் இருந்து வந்தது என்பதால் மூன்றாம் பாகத்தில் அதற்குக் கொஞ்சம் வேலை உண்டு.

இரண்டாம் பாகத்துத் தர்கா ஏர்வாடியா?

இல்லை, கற்பனை. ஆனால் அந்தப் பாகத்தை எழுதக் காரணம் ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவைச் சுற்றி இருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பேய் என்றும் சூனியம் என்றும் சொல்லிக் குணமாகும் என்ற நம்பிக்கையில் வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள். அப்புறம் சட்டங்கள் வந்தன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது.

கதையில் சங்கிலியோடு செத்தவன் பேயாக வருகிறான். ‘என்ன வேணும்’ என்று சேவுகன் கேட்க, அவன் பதில் சொல்லாமல் காலைத் தூக்கிக் காட்டுகிறான். அந்தப் பக்கத்துக்கு மேல் அந்த அத்தியாயத்தில் என்னால் எழுத முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அச்சுப்பிழை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பிழை இல்லை.

நீங்கள் பேயை நம்புகிறீர்களா?

பகலில் இல்லை.

எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது. நல்ல கோடாங்கி யாரையாவது சொல்ல முடியுமா?

மாசத்துக்கு இரண்டு கடிதமாவது இப்படி வருகிறது. விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த கோடாங்கி யாரும் இல்லை, இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

அத்தை கதையில் ஒரு பாதியை மேலே விட்டுவிட்டேன். முப்பது வருஷம் கழித்து அவளுக்குத் திரும்பவும் வந்தது. தூக்கம் இல்லை, காதில் குரல் கேட்கிறது என்றாள். பழைய நினைப்பில் எல்லாரும் உடுக்கையைத் தேடி ஓடினோம், ஆறு மாசம் போனது. கடைசியில் ஒரு மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்து மூன்று வாரத்தில் தூங்கவைத்தார். முதல் தடவை அவளுக்கு வேண்டியிருந்தது பிறந்த வீடு, இரண்டாம் தடவை மருந்து. வெளியில் இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஆகவே முதலில் மருத்துவரிடம் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, இராப்பகல் இயங்குகிறது, தமிழில் பேசலாம். சாமிக்கு நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை, இரண்டையும் செய்யலாம். அடிப்பவரிடமும் கட்டிப்போடுபவரிடமும் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அப்புறம், அவரிடம் ‘என்ன வேணும்’ என்று நீங்களே ஒருதடவை கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகள் படிக்கலாமா?

பத்தாம் வகுப்புக்கு மேல் சரி. இரண்டாம் பாகம் மட்டும் பெரியவர்களுக்கு.

ஐந்தாம் பாகம் எப்போது?

பாதி எழுதியிருக்கிறேன். செட்டிநாடு ரயில் நிலையத்தில் தொடங்குகிறது, ராத்திரி வண்டி போன பிறகு. நடைமேடையில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். சேவுகன் யாரு என்கிறான், பேர் சொல்கிறாள், பொய் இல்லை. எந்த ஊரு என்கிறான், சொல்கிறாள். என்ன வேணும் என்கிறான். ‘அம்பது வருஷம் அந்த வீட்டுல பாத்திரம் வெளக்கினேன், ஏட்டுல எம்பேரு எங்க இருக்குன்னு ஆச்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு’ என்கிறாள். உமையாள் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். நானும்தான்.